பதினைந்துக்குப் பதினைந்து

தலையில் அடிபட்டவரின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஜி.சி.எஸ். 15/15’ என்று இருக்கும். கண் திறக்கிறார், தெளிவாகப் பேசுகிறார், சொன்னால் கையைத் தூக்குகிறார்: சுயநினைவை அளக்கும் கிளாஸ்கோ கோமா அளவுகோலுக்கு (ஜி.சி.எஸ்.) அது போதும், முழு மதிப்பெண். காலையில் சாப்பிட்டது நினைவிருக்கிறதா என்பது கேள்வித்தாளிலேயே இல்லை. அந்த மறதிக்காரரிடமே, “வலிப்பு மாத்திரையை மறக்காம போடுங்க சார்” என்று சொல்லி பில் கவுன்ட்டருக்கு வழிகாட்டுகிறார்கள்.

மனைவி தயங்கித் தயங்கி, “எதுக்கெடுத்தாலும் கோபப்படறாரே, டாக்டர்?”

“போகப் போகச் சரியாயிடும்மா.”

மறுவாழ்வுத் திட்டம் மொத்தமும் இதுதான். தமிழக அரசின் ‘நம்மைக் காக்கும் 48’, விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரத்தைப் பார்த்துக்கொள்கிறது; நல்ல திட்டம். வீட்டுக்கு வந்தபின் வரும் மாதங்கள் மனைவியின் இலாகா.

பேச்சுப் பயிற்சி எங்கே, ராத்திரி வலிப்பு வந்தால் யாருக்குப் போன் செய்வது? பதில் வராமல் பையைக் கட்டாதீர்கள்.