கண்ணாடிப் பெட்டியாருக்கு ஒரு விண்ணப்பம்

மகா கனம் பொருந்திய கண்ணாடிப் பெட்டியார் அவர்கள் சமுகத்திற்கு,

பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் தாங்கள் ஆற்றிய தொண்டைக் கேள்விப்பட்டு மெய்சிலிர்த்தேன். பிரான்குசி என்ற ருமேனியச் சிற்பி 1920 வாக்கில் முட்டைபோல ஒரு பளிங்குக் கல்லை இழைத்து, 'பார்வையற்றோருக்கான சிற்பம்' என்று பெயரும் வைத்தார். யாருக்கு என்பதை இதைவிட உடைத்துச் சொல்ல முடியாது. தாங்களோ அதை மூடி உட்கார்ந்துகொண்டீர்கள். கண் உள்ளவர் கண்டு களித்தார். உரியவர் தங்கள் வழவழப்பான மேனியைத் தடவிவிட்டு வீடு போய்ச் சேரலாம். பசித்தவன் பேரில் பந்தி போட்டு, அவன் இலையை மட்டும் பூட்டி வைக்கிற விருந்து!

இந்தக் கூத்தைக் கண்ட லென்கா கிளேட்டன் என்ற கலைஞர், 2017இல் அச்சிற்பத்தின் விவரத்தை வாசித்துக் காட்டி, பார்வை இழந்தும் குறைந்தும் இருந்த 17 பேரைத் தம் கையாலேயே அதைச் செய்ய வைத்தார். தங்களிடம் சாவி கேட்டு நின்றால் விடியுமா?

வியர்வை பட்டால் கல் கெடும் என்பீர்கள். கெடும்தான், மறுக்கவில்லை. ஆனால் யார் வியர்வை? லண்டன் பர்க்பெக் கல்லூரிப் பேராசிரியர் ஃபியோனா கேண்ட்லின் 2010இல் ஒரு நூலே எழுதிக் குட்டை உடைத்தார். அருங்காட்சியகத்தில் தொடுவது ஒருநாளும் நிற்கவில்லை. காப்பாட்சியர் தொடுகிறார், நிபுணர் தொடுகிறார். சீட்டு வாங்கி வருபவரின் கை மட்டும் தீட்டு.

1710இல் ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துக்கு வந்த உஃபென்பாக் என்ற ஜெர்மானியக் கனவான், கண்டவர்களும் எல்லாவற்றையும் எடுத்துப் பார்க்கிறார்களே, பெண்களைக்கூட உள்ளே விடுகிறார்களே என்று முகம் சுளித்து எழுதி வைத்தார். பொருள் தேய்கிற கவலையா அது? இந்தக் குரல் எங்கள் ஊர்க் காதுக்குப் புதிதில்லை, பெட்டியாரே. இதற்கு நாங்கள் தீண்டாமை என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறோம்.

முடியாத காரியமும் இல்லை. இங்கிலாந்தின் சண்டர்லாந்து அருங்காட்சியகத்தில் சார்ல்டன் டீஸ் 1913லேயே பார்வையற்ற பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்து, பாடம் செய்த விலங்குகளையும் எலும்புக்கூடுகளையும் தடவித் தெரிந்துகொள்ள விட்டார். நூறாண்டு கடந்து, 2022இல் உலக அருங்காட்சியகக் கவுன்சில் பிராக் நகரில் கூடி, அருங்காட்சியகம் என்றால் எல்லோருக்கும் எட்டுவது, எவரையும் சேர்த்துக்கொள்வது என்று வாக்கெடுத்து இலக்கணம் எழுதியது. இலக்கணம் அழகாகத்தான் இருக்கிறது. அதையும் ஒரு பெட்டிக்குள் வைத்துவிடலாம்.

தங்களைத் திறக்கச் சொல்லி வயிற்றெரிச்சலைக் கிளப்ப மாட்டேன். கேட்பது ஒன்றுதான். தங்கள் நெற்றியில் ஒட்டியிருக்கும் 'தொடாதீர்கள்' என்பதைப் பிரெயிலிலும் பொறித்துவிடுங்கள். தடவிப் படித்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
பத்து விரல் படைத்த பாவி