துடைப்பச் சுழி

வாங்க மருமகனே, வாங்க. கார் வாங்கிட்டீகளாமே. மதுரையில பிடிச்சு அருப்புக்கோட்டை, பந்தல்குடி வழியா ஒரே அழுத்தா எட்டயபுரம் கொண்டுவந்து சேத்துட்டீகன்னு உங்கம்மா தெரு பூராவும் சொல்லிட்டா. கார்க்காரருக்குக் குடுக்க வேண்டிய மரியாதையை இந்த நாலு வரியில குடுத்து முடிச்சாச்சு. இனிமே நீ, வா, போதான்.

கறுப்பு வண்டியால்லா பாத்து வாங்கியிருக்கே. கரிசல்காட்டுக்காரன், தூசி விழுந்தாலும் தெரியாதுன்னு கணக்குப் போட்டிருப்பே. கரிசல் கீழ கெடக்கிற வரைக்கும்தான்டா கறுப்பு. காஞ்சு பறந்துச்சுன்னா சாம்பல். சரி, அது போகட்டும். நேத்துக் காலையில பாரதி மணிமண்டபத்துப் பக்கம் வெயில்ல நிறுத்திட்டு பானெட்டையே குனிஞ்சு பாத்துக்கிட்டு நின்னியே, நானும் பாத்தேன். எலை போட்ட பிறகு சோறு தீந்துபோச்சுன்னு கேட்டவன் மூஞ்சி மாதிரி இருந்துச்சு உன் மூஞ்சி.

"சிலந்தி வலை மாதிரி வட்டம் வட்டமா கெடக்கு மாமா"ன்னே. அதுக்கு இங்கிலீசுல என்னமோ பேரும் சொன்னே. அந்தப் பேரை வைக்கிறதுக்கு முந்தியே எங்கய்யா பேரு வச்சுட்டாரு. சுழி.

எங்கய்யா மாட்டுத் தரகரு. துண்டைப் போட்டு மூடி உள்ள விரலைப் பிடிச்சு விலை பேசுத ஆளு. சந்தையில ஒரு காளையைப் பாத்தா முதல்ல பல்லு, அடுத்தது சுழி. கோபுரச் சுழின்னா கண்ணை மூடிக்கிட்டுப் பிடி. பாடைச் சுழின்னா தொழுவுக்குள்ளயே விடாதே. ஏறு பூரான் நல்லது, இறங்கு பூரான் ஆகாது. துடைப்பச் சுழி இருந்தா வீட்டுல இருக்கிற காசை எல்லாம் வாரிப் பெருக்கிரும்பாரு. இதெல்லாம் நெசமான்னு என்கிட்ட கேக்காதே. அந்தச் சுழியைச் சொல்லியே விலையில நூறு, எரநூறு எறக்கிருவாரு. அது மட்டும் நெசம்.

உன் வண்டியில கெடக்குது பாரு, அது கலப்பில்லாத துடைப்பச் சுழி. பொறப்புலயே வந்ததில்லை, உனக்கு முந்தி வச்சிருந்தவன் துடைச்சுத் துடைச்சு வச்சது. விடியக்கருக்கல்ல எந்திரிச்சு, தோள்ல கெடக்குத துண்டை எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணி காட்டாம வறட்டுத் துடை. அவனுக்கு வண்டி மேல பிரியம் இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. பிள்ளையைக் கொஞ்சுதேன்னு உப்புத்தாள் வச்சுத் தேச்சிருக்கான், அவ்வளவுதான்.

தூசியில மணல் பொடி கெடக்குடா. கண்ணாடியையே கீறுத சாதி அது. தீப்பெட்டிக்காரன் ஊர்ல பொறந்தவனுக்கு இதை விளக்கணுமா? கோயில்பட்டித் தீப்பெட்டி ஒண்ணை எடுத்து ஓரத்தைத் தடவிப் பாரு. அந்தப் பட்டையில சிவப்புப் பாஸ்பரஸோட கண்ணாடித் தூளும் சேந்திருக்கு. குச்சி பத்துறதுக்கு அந்தச் சொரசொரப்பு வேணும். உன் பானெட்டுல என்ன, அடுப்பா பத்தவைக்கப் போறே?

நான் டிங்கரிங் பட்டறையில இருபது வருசம் பெயிண்டு அடிச்சவன். அதனால சொல்லுதேன், கேட்டுக்கோ. தகரத்து மேல பிரைமரு, அதுக்கு மேல கலரு, அதுக்கும் மேல கண்ணாடி மாதிரி ஒரு கோட்டு. கிளியர் கோட்டும்பாங்க. சாதாரணமா அது 35-ல இருந்து 50 மைக்ரான் கனம்தான். தலைமுடி சுமார் 70 மைக்ரான். என் தலையில ரெண்டு மூணு இன்னும் மிச்சம் கெடக்கு, வேணும்னா பிடுங்கி அளந்துக்கோ. அந்த முடிக் கனம்கூட இல்லாத கோட்டு மேலதான் இத்தனை கீறலும். அதுவும் வட்டமா கெடக்கல. எல்லாத் திக்குலயும் கோணல்மாணலா கெடக்கு. வெயில் விழுற புள்ளியைச் சுத்தி எந்தக் கீறல் வெளிச்சத்துக்குக் குறுக்கே கெடக்கோ, அது மட்டும் மின்னும். அதான் வட்டமாத் தெரியுது. ராத்திரி செல்போன் லைட்டை அடிச்சு நகத்திப் பாரு, வட்டமும் கூடவே நகரும். உன் பின்னால வார நெலா மாதிரி.

இந்தச் சுழியை எடுக்கலாமா? எடுக்கலாம். எங்கய்யாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆனா ஒண்ணைப் புரிஞ்சுக்கோ. கீறலை யாரும் எடுக்கிறதில்லை. பள்ளத்தைத் தூக்க முடியாது. சுத்தி இருக்கிற மேட்டைப் பள்ளத்து அளவுக்கு இறக்குதோம். ஒவ்வொரு தடவை பாலிஷ் போடும்போதும் கிளியர் கோட்டுல கொஞ்சம் போகும். மானாவாரி நெலம்னா அடுத்த மழைக்கு முளைக்கும். இது முளைக்காது. அதனால நகத்தை வச்சுக் கீறலுக்குக் குறுக்கே இழுத்துப் பாரு. நகம் மாட்டுச்சுன்னா அதை விட்டுரு. கண்ணாடியில சுருக்கத்தைப் பாத்தும் நாம இருக்கோம்லா, அப்படி.

பற்பசை போட்டுத் தேய்க்கலாம்னு எவனோ வீடியோ போட்டானாம்ல. ஏன், வண்டிக்கு வாய் நாறுதா? இன்னொருத்தன் தேங்காண்ணெய்ங்கான். அது சந்தைக்குக் கொண்டுபோறதுக்கு முந்தி கொம்பைச் சீவி, மாட்டுக்கு எண்ணெய் தடவுத வித்தை. எண்ணெய் கீறலுக்குள்ள எறங்கி மறைச்சுக்கிடும். ரெண்டு தடவை கழுவினா சுழி திரும்பி வந்து சிரிக்கும். உனக்கு வித்தவனும் அப்படித்தான் மினுக்கி வித்திருப்பான். அதனாலதான் வாங்கும்போது உன் கண்ணுல படல.

முதல்ல கழுவு. ரெண்டு வாளி வை. ஒண்ணுல கார் ஷாம்பு, ஒண்ணுல வெறுந்தண்ணி. துணியை ஒவ்வொரு தடவையும் வெறுந்தண்ணியில அலசிட்டுத்தான் ஷாம்பு வாளிக்குள்ள விடணும். பாத்திரம் விளக்குத பவுடரும் தேங்காநாரும் உங்கம்மாகிட்டயே இருக்கட்டும். நம்ம போர்த்தண்ணி உப்பு. வெயில்ல காஞ்சா வெள்ளைப் பொட்டு விழும். கடைசி அலசலுக்கு நல்லதண்ணி ஒரு குடம் எடுத்துக்கோ. குடம் போனது தெரிஞ்சு உங்கம்மா போடுத சத்தம் உன் பாடு.

கழுவின பிறகு ஒரு பாலித்தீன் பையைக் கையில மாட்டிக்கிட்டு பானெட்டைத் தடவு. வெறுங்கைக்குத் தெரியாத பொடிச் சொரசொரப்பு அப்பத் தெரியும். அதை எடுக்கிறதுக்குன்னு களிமண் கட்டி விக்கான். கரிசல்காட்டுக்காரன் களிமண்ணைக் காசு குடுத்து வாங்கணுமான்னு கேப்பே. அது பேருக்குத்தான் களிமண்ணு, பிசின்ல செஞ்ச பண்டம். ஷாம்புத் தண்ணியைத் தெளிச்சுக்கிட்டு மெதுவாத் தேய்க்கணும். கீழ விழுந்தா தூக்கிப் போட்டுரு. கம்மாய்க் கரம்பையை அள்ளிக்கிட்டு வந்திராதே, அது தலைக்குத் தேச்சுக் குளிக்க லாயக்கு.

அப்புறம் மெஷினு. ஒரே மையத்துல சுத்துற மெஷின் வேண்டாம். அதுல நான் பட்டிருக்கேன். பட்டறையில ஒரு வக்கீல் வண்டி. பானெட் மூக்கு மடிப்புல, அவரு பேசுத கதையைக் கேட்டுக்கிட்டே ரெண்டு விநாடி கூட நிறுத்திட்டேன். கறுப்புக்குள்ள இருந்து சாம்பல் நெறத்துல பிரைமரு எட்டிப் பாத்துச்சு பாரு. மடிப்புலயும் விளிம்புலயும் பெயிண்டு மெலிசா இருக்கும்னு அன்னைக்குத்தான் படிச்சேன். முழு பானெட்டும் என் கைக்காசுல அடிச்சுக் குடுத்தேன். வக்கீலு அன்னைக்குத்தான் கதையைப் பாதியில நிறுத்தினாரு.

சுத்திக்கிட்டே தள்ளாடுத மெஷின் ஒண்ணு இருக்கு, தூங்கப்போற பம்பரம் மாதிரி. டுயல் ஆக்ஷன்னு கேட்டா குடுப்பான். அது சூட்டைக் கெளப்புறது கம்மி, புதுக் கைக்கும் அடங்கும். விளிம்பு, ரப்பர், பிளாஸ்டிக் எல்லாத்துலயும் மாஸ்க்கிங் டேப் ஒட்டிரு. வண்டி நெழல்ல, தகரம் குளுந்து கெடக்கணும். ஃபோம் பேடுல பட்டாணி அளவு நாலு சொட்டு மெலிசான பாலிஷ். ரெண்டடிக்கு ரெண்டடி இடத்தை மட்டும் எடுத்துக்கோ. இனிமே உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, உங்க தாத்தன் உழுததைப் பாத்திருக்கே. ஒரு சாலுக்குப் பாதி அடுத்த சால் ஏறணும். கிழக்கு மேக்கா ஓட்டிட்டு, வடக்கு தெக்கா குறுக்குச் சால் ஓட்டு. அவசரப்படாதே, மெஷினைப் போட்டு அழுத்தாதே. மேழியை அழுத்தினா மாடுதான் நிக்கும். நாலஞ்சு தடவை ஓட்டிட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்த தண்ணியைத் தெளிச்சுத் துடைச்சுப் பாரு. பாலிஷ்ல இருக்கிற எண்ணெய் போனதுக்கு அப்புறமும் சுழியைக் காணோம்னாத்தான் போச்சுன்னு அர்த்தம். அந்த ஒரு இடத்துல சரியா வந்தா மத்த இடத்துக்குப் போ. வரலைன்னா கொஞ்சம் காரமான பாலிஷ். எடுத்த எடுப்புலயே காரத்துக்குப் போகாதே.

தேய்க்கையில பேடுல கறுப்பு ஏறுதான்னு பாத்துக்கிட்டே இரு. அந்தக் காலத்து அம்பாசடருக்கு கிளியர் கோட்டு கெடையாது, துணியில கலரு ஏறத்தான் செய்யும். உன் வண்டியில ஏறுச்சுன்னா நீ எல்லையைத் தாண்டிட்டேன்னு அர்த்தம். மெஷினை அணைச்சுட்டு என் வீட்டுக்கு வா, அழுகுறதுக்குத் திண்ணை இருக்கு.

கடைசியில மெழுகு. கார்னௌபான்னு எழுதியிருந்தா பிரேசில் நாட்டுப் பனை ஓலையில இருந்து எடுத்தது. நம்ம பனைக்குத் தூரத்துப் பங்காளி. ஓலையைக் காயவச்சு உதிர்க்கிற மெழுகு அது. இத்தனை பனையை வச்சுக்கிட்டு நாம பதநீரோடயும் கருப்பட்டியோடயும் நின்னுட்டோம், அது வேற வருத்தம்.

சுழி போனது பெருசில்லை, திரும்ப வராம இருக்கணும். மைக்ரோஃபைபர் துணி நாலு வாங்கி வீட்டுக்குள்ள வை. ரோட்டு சிக்னல்ல விக்குத மஞ்சத்துணி வேண்டாம். தூசி கெடந்தா கெடக்கட்டும். தண்ணி ஊத்தாம அதைத் தொடாதே. ஊர்ல யாராவது "வண்டி அழுக்கா கெடக்கே"ன்னா, கரிசல்காட்டு வண்டின்னு சொல்லு.

ஞாயித்துக்கிழமை வெயில் ஏறுறதுக்கு முந்தி வா, ரெண்டு பேருமா ஒரு கதவைப் பாப்போம். வேப்பமரத்தடியில நிறுத்தாதே, காக்கா இருக்கு. வரும்போது கோயில்பட்டியில கால் கிலோ கடலைமிட்டாய் வாங்கிட்டு வா. கவரை பானெட்டு மேல வைக்காம கையிலயே வச்சிரு.