நூறாயிரத்தொன்று: ஒரு மொய்க் கணித ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

கல்யாண மண்டபத்தில் மேசை போட்டு இருவர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பணத்தை எண்ணுவார். மற்றவர் நோட்டில் ஊர், பேர், தொகை எழுதுவார். 101, 501, 1,001 என்று தொகையின் வாலில் பெரும்பாலும் ஒரு ரூபாய் தொங்கும். கடையில் விற்கும் மொய்க் கவரிலேயே அந்த நாணயத்தை ஒட்டித் தருகிறார்கள். இந்த ஒற்றை நாணயம் ஓர் எண்ணை என்ன பாடு படுத்துகிறது என்பதே நம் ஆய்வு. மாதிரிக்கு, தாய்மாமன் ஒருவர் வைத்த 1,00,001 ரூபாயை எடுத்துக்கொண்டோம். பந்தியில் இடம் கிடைக்கும்வரை வேறு வேலை இல்லை.

2. ஒரு ரூபாயின் வலிமை

வெறும் ஒரு லட்சத்துக்கு இளகிய மனசு. 2, 4, 5, 8, 10, 16 என எது வந்து கேட்டாலும் மீதியில்லாமல் பிரிந்து கொடுத்துவிடும். அதன் வகுத்திகள் மொத்தம் 36. தலையில் ஒரு ரூபாய் ஏறியதும் குணமே மாறிவிடுகிறது. 1,00,001-க்கு வகுத்திகள் நான்கே: 1, 11, 9,091, பிறகு அதுவே. 11, 9,091 இரண்டும் பகா எண்கள். ஆக, இந்த மொய்யைச் சண்டையில்லாமல் பங்கு போடப் பங்காளிகள் 11 பேர் வேண்டும். இல்லாவிட்டால் 9,091 பேர் வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் ஆளுக்கு ஒரு ரூபாயாக 1,00,001 பேர் வேண்டும். மணமக்கள் இருவரும் பாதிப் பாதி பிரிக்கப் பார்த்தால் 50 பைசா இடிக்கும். 'ஒத்துமையா இருங்க' என்று பெரியவர்கள் அட்சதை போட்டுச் சொல்வதை இந்த எண் கணக்குப் போட்டே சொல்கிறது.

3. மாலைமாற்று

எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் ஒன்றாகவே வருவதற்குத் தமிழில் மாலைமாற்று என்று பெயர். சம்பந்தர் அவ்வகையில் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். ஆறிலக்க மாலைமாற்று எண்களில் மிகச் சிறியது 100001. அதன் வர்க்கமான 10000200001-உம் மாலைமாற்றே. மொய் எழுதுபவர் 1,00,001 என்று காற்புள்ளி போட்டதும் அழகு கெடுகிறது. பழைய தமிழ் எண்ணுருவில் ௱௲௧ என்று எழுதினாலும் கெடுகிறது. மாலை மாற்றும்போது யாரும் குறுக்கே வரக்கூடாது.

எந்த ஐந்திலக்க எண்ணை 100001-ஆல் பெருக்கினாலும், சொன்னதையே திரும்பச் சொல்லும்: 12345 உள்ளே போனால் 1234512345 வெளியே வரும். பத்திரிகையில் பேர் விட்டுப்போன பெரியப்பாவிடம் இதே குணத்தைக் கண்டோம்.

4. ஒரு பலவீனம்

இரட்டைப்படை எண்ணிக்கையில் இலக்கம் கொண்ட மாலைமாற்று எண்கள் எல்லாமே 11-ஆல் வகுபடும். 1,001 தப்பவில்லை (7 × 11 × 13); 1,00,001-உம் தப்பவில்லை. 101-க்கு மூன்றே இலக்கம். அந்த விதி அதைத் தொடாது. அது பகா எண். பங்காளிகள் சரியாக 101 பேர் வந்தாலொழியப் பிரிக்க முடியாது.

5. முடிவு

உறவு பிரியாதிருக்க 101 போதும். தாய்மாமன் 99,900 ரூபாய் அதிகமாக வைத்துவிட்டார்.

இம்முடிவை மொய் மேசையிலேயே வெளியிட்டு, 101-ஐ நீட்டினோம். பக்கத்தில் நின்ற மனைவி, "நம்ம வீட்டு விசேஷத்துக்கு இவங்க 501 வச்சது நோட்டுல இருக்கு" என்றார்.

501 = 3 × 167. பிரியக்கூடிய எண்தான். வைத்துவிட்டோம்.