காகிதத்தில் விடுதலை, யார் கையில் நிலம்?

கேள்வி: கரீபியன் தீவுகளில் அடிமைகளை விடுவித்தபோது நம் செங்கல்பட்டுப் பக்கம் என்ன நடந்தது?
- வாசகி ஒருவர், ஊரப்பாக்கம்

பதில்: ஒன்றும் நடக்கவில்லை! 1833-இல் வந்த பிரிட்டிஷ் சட்டம், கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளை விலக்கி வைத்தது. கரீபியனிலும் இழப்பீடு 2 கோடி பவுன் எசமானர்களுக்குத்தான். சவுக்கடி பட்ட முதுகுக்குச் சல்லிக்காசு இல்லை. நமக்கு 1843-இல் சட்டம் வந்தது. பண்ணையாளோ கடனில் கட்டுண்டே கிடந்தார்.

1891-இல் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்கீர் பண்ணையாட்களாய் உழைத்த தலித் மக்களின் அவலத்தை அறிக்கையாக்கினார். நிலம் இல்லாதவருக்குச் சட்டம் சோறு போடாது என்று புரிந்துகொண்ட அறிக்கை. 1892-இல் அவர்களுக்கென அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம் பிறந்தது. பிறகு அந்நிலங்கள் பலவும் பிறர் கைக்கு மாறிப் போயின. செங்கல்பட்டுப் பக்கத்துக் காரணை கிராமத்தில் அவற்றை மீட்கப் போராடிய ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் 1994 அக்டோபரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள்.