யத்னாலுக்கு யார் கதவைத் திறப்பார்?

கே: கர்நாடக பா.ஜ.க.விலிருந்து பசனகௌடா பாட்டீல் யத்னாலை எதற்காக நீக்கினார்கள்? — ஓசூர் வாசகர்

ப: வாய்க்காக. முன்னாள் முதல்வர் எடியூரப்பாவையும், மாநிலத் தலைவராக்கப்பட்ட அவர் மகன் விஜயேந்திராவையும் திட்டாத நாள் யத்னாலுக்கு உபவாச நாள். 2025 மார்ச்சில் ஆறு வருஷத்துக்கு நீக்கிவிட்டார்கள். குடும்ப அரசியல் கூடாது என்று பிற கட்சிகளைப் பார்த்துச் சொன்னால் அது கொள்கை. சொந்தக் கட்சியைப் பார்த்துச் சொன்னால் ஒழுங்கீனம்.

கே: ஆறு வருஷம் ரொம்ப அதிகம் இல்லையா? — திருப்பத்தூர் வாசகி

ப: காலண்டரில்தான் அதிகம். இவரை 2015-லும் நீக்கினார்கள், மேலவைத் தேர்தலில் கட்சி பேச்சைக் கேட்காமல் நின்றதற்காக. மனிதர் சுயேச்சையாகவே ஜெயித்தார். 2018-ல் சட்டமன்றத் தேர்தல் வந்தது. ஒழுக்கம் பின்வாசலால் போயிற்று, யத்னால் முன்வாசலால் வந்தார்.

கே: கட்சி நீக்கிய பிறகும் எம்.எல்.ஏ.வாக எப்படி நீடிக்கிறார்? — தேனி வாசகர்

ப: இந்தச் சட்டப் பாடத்துக்குக் கட்டணம் கட்டியது நம்மூர். 1994-ல் அ.தி.மு.க.விலிருந்து ஜி. விசுவநாதன் (ஆமாம், வேலூர் வி.ஐ.டி.காரர்தான்) நீக்கப்பட்டார். ம.தி.மு.க.வில் சேர்ந்தார் என்று அவருடைய எம்.எல்.ஏ. பதவியைச் சபாநாயகர் பறித்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. 1996-ல் வந்த தீர்ப்பின் சாரம்: எந்தக் கட்சியின் வேட்பாளராக ஜெயித்தாரோ, நீக்கப்பட்ட பிறகும் சட்டத்தின் கண்ணுக்கு அந்தக் கட்சிக்காரர்தான். தானாக வேறு கட்சியில் சேர்ந்தால் பதவி அம்பேல்.

அதாவது, வீட்டைவிட்டு விரட்டியாயிற்று, ரேஷன் கார்டில் மட்டும் பேர் இருக்கிறது. அடுத்த வீட்டில் பேர் எழுதினால் அரிசி நின்றுவிடும். யத்னால் அவசரப்பட்டு எங்கும் போய்ச் சேராததன் ரகசியம் இதில் பாதி.

கே: மீதிப் பாதி? — அதே தேனி வாசகர் கேட்பார் என்று நானே எழுதியது

ப: போவதற்கு இடம் இல்லை. காங்கிரஸுக்குப் போகலாமென்றால், இத்தனை வருஷம் பேசிய இந்துத்துவப் பேச்சுகளை எந்தக் கிணற்றில் போடுவது? மதச்சார்பற்ற ஜனதா தளத்தில் ஒரு காலத்தில் இருந்துவிட்டு வந்தவர்தான். ஆனால் அந்தக் கட்சி 2023-லேயே பா.ஜ.க. கூட்டணிக்கு வந்துவிட்டது. மாமியார் வீட்டோடு சண்டை, தாய்வீடோ மாமியாரோடு சம்பந்தம்!

கே: தனிக்கட்சி ஆரம்பித்தால் என்ன? — சேலம் வாசகர்

ப: தன் எதிரியிடமே யோசனை கேட்கலாம். தெற்கில் பா.ஜ.க.வின் முதல் ஆட்சியை 2008-ல் கொண்டுவந்தவர் எடியூரப்பா. சுரங்க ஊழல் பற்றிய லோக் ஆயுக்தா அறிக்கையால் 2011-ல் நாற்காலி போனது. கட்சி கைகொடுக்கவில்லை என்ற கோபத்தில் 2012 டிசம்பரில் ஹாவேரியில் கூட்டம் கூட்டி, கர்நாடக ஜனதா பக்ஷவைத் தொடங்கினார். சின்னம் தேங்காய்.

2013 தேர்தலில் அவருக்குச் சுமார் 10 சதவீத ஓட்டு. கிடைத்த இடங்களோ ஆறே ஆறு. ஆனால் 110 இடம் வைத்திருந்த பா.ஜ.க. 40-க்கு இறங்கியது. காங்கிரஸ் 122 எடுத்து ஆட்சிக்கு வந்தது. தேங்காய் அவருடையது, உடைந்த மண்டை பா.ஜ.க.வுடையது.

அடுத்த ஜனவரியில் இரண்டு தரப்பும் கட்டிப்பிடித்துக்கொண்டன. 2014-ல் ஷிமோகாவில் எம்.பி., 2018-லும் 2019-லும் மறுபடி முதல்வர். கவனியுங்கள்: ஜெயித்து ஒன்றையும் வாங்கவில்லை, கட்சியைத் தோற்கடித்துத்தான் வாங்கினார். யத்னாலால் இப்படி மாநிலம் முழுக்க நஷ்டம் உண்டாக்க முடியுமா? தன் தொகுதியான விஜயபுரா நகரத்தில் முடியும். அதைத் தாண்டினால் எனக்குச் சந்தேகம்.

கே: பஞ்சமசாலி லிங்காயத்துகள் முழுக்க அவர் பின்னால் இருக்கிறார்களாமே? — கோவை வாசகர்

ப: இட ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கான 2ஏ பிரிவு கேட்டு அவர்கள் போராடியபோது, தன் கட்சி ஆட்சியையே எதிர்த்துக் குரல் கொடுத்தவர் யத்னால். அதனால் கைத்தட்டல் நிச்சயம். கைதட்டும்போது இரண்டு கை, ஓட்டுப் போடும்போது ஒரு விரல். எண்ணிக்கை குறையும்.

கே: முதல்வர் பதவிக்கு 2,500 கோடி கேட்டார்கள் என்று சொன்னது இவர்தானா? — சென்னை வாசகர்

ப: இவரேதான், 2022 மே மாதம். டில்லியிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொண்ட ஆசாமிகள் கேட்டார்களாம். பேரைச் சொல்லவில்லை. தள்ளுபடி உண்டா என்று இவர் விசாரித்தாரா, அதையும் சொல்லவில்லை.

கே: கட்சியை எதிர்த்து உருப்பட்டவர் கர்நாடகத்தில் ஒருவருமே இல்லையா? — தருமபுரி வாசகி

ப: ஏன் இல்லை? சித்தராமையா! 2005-ல் மதச்சார்பற்ற ஜனதா தளத்திலிருந்து தேவகௌடா வெளியேற்றினார். மறு வருஷம் காங்கிரஸ். 2006 டிசம்பரில் சாமுண்டேஸ்வரி இடைத்தேர்தலில் ஆளும் கூட்டணியே திரண்டு வந்து மோதியும் 257 ஓட்டில் தப்பினார். பிறகு 2013-ல் முதல்வர், 2023-ல் மறுபடியும். சிறுபான்மையினர், பிற்படுத்தப்பட்டோர், தலித்துகள் என்று ‘அஹிந்தா’ கணக்கைப் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டு போனார். காங்கிரஸுக்கு அந்தக் கணக்கு தேவைப்பட்டது. வெறும் கோபத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தால் காபி கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

கே: தேவராஜ் அர்ஸ் அவரைவிடப் பெரிய தலைவர் அல்லவா? அவருக்கு ஏன் அந்த அதிர்ஷ்டம் இல்லை? — மதுரை வாசகர்

ப: மோதிய இடம் அப்படி. 1978-ல் சிக்மகளூரில் இந்திராவை ஜெயிக்க வைத்தது அர்ஸின் ஆட்சி. 1979-ல் அதே இந்திராவோடு சண்டை, கட்சியிலிருந்து நீக்கம். முதல்வர் பதவியும் எம்.எல்.ஏ.க்களும் தன்னிடம் இருப்பதால் மாநிலமே தன்னிடம் இருப்பதாக நினைத்தார். 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் 28-ல் 27 இந்திராவுக்கு. அந்த மாதமே அர்ஸ் ராஜினாமா. நிலச் சீர்திருத்தத்தில் குத்தகை நிலத்தைச் சொந்தமாக்கிக் கொடுத்தவரையே, ஜனங்கள் அந்தத் தேர்தலில் குத்தகைதாரராகத்தான் பார்த்தார்கள்.

கே: பா.ஜ.க.வில் முரண்டு பிடித்த ஈஸ்வரப்பா கதை? — கிருஷ்ணகிரி வாசகர்

ப: மகனுக்கு ஹாவேரியில் சீட் இல்லை என்றதும் 2024-ல் ஷிமோகாவில் எடியூரப்பாவின் இன்னொரு மகனை எதிர்த்து நின்றார். மோடி படத்தை வைத்துக்கொண்டே பா.ஜ.க.வுக்கு எதிராக ஓட்டுக் கேட்டார். வாக்காளர்கள் படத்துக்கே போட்டுவிட்டார்கள். டெபாசிட் காலி.

கே: தோற்றும் ஜெயித்த பிரகஸ்பதி யாராவது உண்டா? — புதுச்சேரி வாசகர்

ப: ஜகதீஷ் ஷெட்டர். 2023 ஏப்ரலில் சீட் கிடைக்கவில்லை என்று காங்கிரஸுக்குப் போனார், ஹூப்ளியில் தோற்றார். காங்கிரஸ் பாவப்பட்டு மேலவை உறுப்பினராக்கியது. 2024 ஜனவரியில் பா.ஜ.க.வுக்குத் திரும்பினார், பெலகாவியில் எம்.பி. ஆனார். முன்னாள் முதல்வர் அல்லவா, எந்த ஊரில் எத்தனை நாள் தங்கலாம் என்று தெரிந்திருக்கிறது.

கே: கட்சி தாவுவதில் கர்நாடகத்தின் சாம்பியன் யார்? — ஈரோடு வாசகர்

ப: முன்னாள் முதல்வர் பங்காரப்பா. சோஷலிஸ்ட், காங்கிரஸ், கிராந்தி ரங்கா, சொந்தமாக ஒன்று, பா.ஜ.க., சமாஜ்வாதி, ஜனதா தளம். பட்டியலில் விட்டுப்போனது இருந்தால் மன்னிக்கவும், அவருக்கே மறந்திருக்கும். பின்னாளில் சொரபா தொகுதியில் அவருடைய இரண்டு மகன்களும் எதிரெதிரே நின்றார்கள். ஒரே ஆள் இத்தனை கட்சியைச் சுமப்பது சிரமம் என்று பிரித்துக்கொண்டார்களோ!

கே: கடைசியாகச் சொல்லுங்கள், 2028-ல் யத்னால் எங்கே நிற்பார்? — வேலூர் வாசகர்

ப: விஜயபுராவில். எந்தச் சின்னத்தில் என்பதை அவர் முடிவு செய்யப்போவதில்லை, விஜயேந்திராவின் நாற்காலி முடிவு செய்யும். தலைமை மாறினால், நீக்கல் கடிதம் தபாலில் தொலைந்துபோனதாகச் சொல்லிவிடுவார்கள். மாறாவிட்டால் சுயேச்சை. வாஜ்பாய் அமைச்சரவையில் ரயில்வே இணையமைச்சராக இருந்தவருக்குக் காத்திருப்போர் பட்டியல் தெரியாதா என்ன?