ஒழுங்காக ஓடினால் மரியாதை இல்லை

கவன்ட்ரியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் 1965-ஆம் வருடத்து ட்ரயம்ப் ஹெரால்டு ஒன்று இருக்கிறது. அவர் அதை ஓட்டுகிறார் என்பதைவிட அதன் கீழே படுத்திருக்கிறார் என்பதே சரி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பூட்ஸைப் பார்த்துத்தான் கேட்பேன். பதில் வண்டிக்கு அடியிலிருந்து வரும். அந்தப் பூட்ஸ்தான் ஒருநாள், "சனிக்கிழமை பழைய கார்க்காரர்கள் கூடுகிறோம், நீங்கள் இருவரும் வாருங்களேன்" என்று அழைத்தது.

கோடை வந்தால் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஏதாவது ஒரு புல்வெளியில் இப்படிக் கூட்டம் நடந்துகொண்டே இருக்கும். இங்கே நாற்பது வயதைத் தாண்டிய காருக்குச் சாலை வரி கிடையாது. 2018-லிருந்து வருடாந்திரத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. ஓடுகிறதா, நிற்கிறதா, எல்லாம் உன் பாடு என்று அரசாங்கமே விட்டுவிட்டது. நாற்பதைத் தாண்டிய மனிதர்களுக்கும் இதே சலுகையை நீட்டித்தால் என்ன என்று எனக்கு ஓர் ஏக்கம்.

மனைவி புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டாள். எவ்வளவு தூரம் என்றதற்குப் பெரியவர், "பத்துப் பன்னிரண்டு மைல்" என்றார். எவ்வளவு நேரமாகும் என்றதற்கு வானத்தைப் பார்த்தார். டிக்கியில் எங்கள் பைக்கு இடமில்லை. எஞ்சின் ஆயில், தண்ணீர் கேன், ஃபேன் பெல்ட், ஒயர் சுருள், டார்ச் லைட், விரித்துப் படுக்க ஒரு பழைய கம்பளி என்று ஒரு மெக்கானிக் கடையே உள்ளே இருந்தது. புளிசாதம் மடியில் பயணம் செய்தது.

வண்டி ஒரு முனகல்கூட இல்லாமல் போய்ச் சேர்ந்தது. நான் பாராட்டினேன். பெரியவர் முகத்தில் ஈயாடவில்லை. இறங்கியதும் பானெட்டைத் தூக்கி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து விரல் நுனி அளவுக்கு ஒரு பழுப்புநிறத் துண்டை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அதன் பெயர் ரோட்டர். அது இல்லாவிட்டால் எஞ்சின் சுழலும், பற்றிக்கொள்ளாது. 1940-ல், ஜெர்மானியர்கள் வந்து இறங்கினால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக, நிறுத்தும் காரை ஓடாதபடி செய்துவிட்டுப் போகவேண்டும் என்று இங்கே உத்தரவு இருந்ததாம். அப்பா சொல்லிக்கொடுத்த பழக்கம் என்றார். ஜெர்மானியர்கள் வராமலிருக்க அவர் இன்றுவரை தம்மாலானதைச் செய்துவருகிறார்.

புல்வெளியில் கார்கள் வரிசை கட்டி நின்றன. எல்லாவற்றுக்கும் பானெட் திறந்திருந்தது. ஒவ்வொன்றின் பின்னாலும் மடக்கு நாற்காலி, பிளாஸ்க், டீ. யார் வந்தாலும் "சௌக்கியமா?" கிடையாது. "வழியில் என்ன ஆச்சு?" என்பதுதான் முதல் கேள்வி. மெரினாவில் காலை நடைக்கு வரும் பெரியவர்கள், "எனக்கு முந்நூறு" "எனக்கு முந்நூற்று இருபது" என்று சர்க்கரை அளவைப் போட்டிபோட்டுக்கொண்டு சொல்வார்களே, அதே பெருமிதக் குரலில் பதில் வந்தது. பளபளவென்று ஒரு ஜாகுவார் ஈ-டைப் நின்றது. எல்லோரும் மரியாதையாக ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். பாவம், அதன் சொந்தக்காரருக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

கூட்டம் மொய்த்தது ஒரு ட்ரயம்ப் ஸ்டாகைச் சுற்றி. 1970-ல் வந்த இந்த அழகிக்குக் கொதிப்பு வியாதி உண்டு என்பது ஊரறிந்த செய்தி. அதன் உரிமையாளர் வழியில் எங்கெங்கே ஆவி பறந்தது என்பதை நிறுத்தம் நிறுத்தமாகச் சொல்ல, கேட்டவர்கள் தலத்துக்குத் தலம் தலையாட்டினார்கள். பக்கத்தில் ஒரு மினிக்காரர். ஆரம்பகால மினியில் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கக் கிரில்லுக்கு நேர்பின்னால் இருக்கும். மழை பெய்தால் தண்ணீர் நேராக அங்கே போய்ச் சேரும், வண்டி நிற்கும். மழைக்குப் பெயர்போன நாட்டில் இப்படி வடிவமைக்க ஒரு தனித் துணிச்சல் வேண்டும். பரிகாரமாக, பாத்திரம் தேய்க்கும் மஞ்சள் ரப்பர் கையுறையின் விரல் நுனிகளை நறுக்கி, ஒவ்வொரு விரல் வழியாகவும் ஒரு ஒயரை இழுத்து மாட்டியிருந்தார். எஞ்சினுக்குள்ளிருந்து யாரோ கை நீட்டி உதவி கேட்பதுபோல் இருந்தது. அவர் மனைவி மிச்சமிருக்கும் ஒற்றைக் கையுறையோடு பாத்திரம் தேய்க்கிறாராம்.

விளக்கு, ஒயரிங் என்று பேச்சு திரும்பினால் ஜோசப் லூகாஸ் வந்துவிடுவார். பக்கத்து பர்மிங்காமில் வாழ்ந்தவர். அவர் நிறுவனத்தின் மின்சாதனங்கள்தான் பெரும்பாலான பிரிட்டிஷ் கார்களில். அவருக்கு இவர்கள் வைத்திருக்கும் பட்டம் 'இருளின் இளவரசர்'. ஆங்கிலேயன் ஏன் பீரைக் குளிர வைக்காமல் குடிக்கிறான்? அவன் வீட்டு ஃபிரிட்ஜும் லூகாஸ் தயாரிப்பு. எல்லோருக்கும் தெரிந்த பழைய ஜோக். ஒருவர் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். பத்தடி தள்ளி இன்னொருவர் அதையே சொன்னார், அவர்களே போய் மறுபடியும் சிரித்தார்கள்.

எனக்குப் பிடித்தது ஒரு பழைய மோரிஸ் மைனர். அதன் பம்பருக்கு நடுவில் ஒரு ஒட்டுப்போட்ட துண்டு இருந்தது. விபத்தா என்று கேட்டதற்கு, அதன் சொந்தக்காரர் மண்டியிட்டு விரலால் தடவிக் காட்டினார். 1948-ல் வண்டி வெளிவரும் முன், கடைசி நேரத்தில், அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸுக்கு அகலம் போதவில்லை என்று பட்டிருக்கிறது. மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுத்துத் தள்ளிவைத்துப் பார்த்து, நாலு அங்குலம் கூட்டினார். பம்பர்களோ ஏற்கெனவே தயாராகிவிட்டன. தூக்கி எறிய மனம் வருமா? நடுவில் வெட்டி நாலு அங்குலம் ஒட்டிவிட்டார்கள். முதலாளி நஃபீல்டு பிரபுவுக்கு வண்டியைக் கண்டாலே ஆகாது, முட்டை என்று திட்டினார். பத்து லட்சத்தைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் அந்த முட்டைதான்.

இதற்குள் எங்கள் பெரியவர் ஹெரால்டு பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் "வழியில் என்ன ஆச்சு?" என்பார்கள். இவர் "ஒன்றும் ஆகவில்லை" என்பார். அவர்கள் துக்கம் விசாரித்த தோரணையில் போய்விடுவார்கள். பார்க்கப் பொறுக்கவில்லை. "எங்கள் மெட்ராஸிலும் இந்த வண்டி தயாரானது தெரியுமா?" என்று நான் குரலை உயர்த்தினேன்.

நாலு தலை திரும்பியது. ஹெரால்டுக்கு வேண்டிய பாடி செய்து தந்திருக்கக்கூடிய கம்பெனி போட்டிக்காரர் கைக்குப் போய்விட, வேறு வழியில்லாமல் தனி சேஸியின்மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டுப் பூட்டும்படி வடிவமைத்தார்கள். அதுவே வெளிநாட்டில் கொண்டுபோய்ப் பூட்டவும் தோதாகிவிட்டது. அப்படித்தான் வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு பிறந்தது. "பிற்பாடு அதில் நாலு கதவு" என்றேன். புல்வெளியே ஸ்தம்பித்தது. இங்கே விற்ற ஹெரால்டு எதற்கும் நாலு கதவு கிடையாது. என் பெரியப்பா அதில் ஏழு பேரையும் ஒரு மூட்டை அரிசியையும் ஏற்றுவார், பின்சக்கரம் இரண்டும் காலை அகட்டிக்கொள்ளும் என்று சொன்னதும் ஸ்டாக்காரரே தன் வண்டியை விட்டுவிட்டு இங்கே வந்தார். ஸ்பிரிங் உடையவில்லையா? உடைந்தது. எங்கே? திண்டிவனம் தாண்டி. ஆகா என்றார்கள். பார்த்தே இராத பெரியப்பா அங்கே ஒரு மகானாகிக்கொண்டிருந்தார்.

ஆனால் அது பெரியப்பாவின் கதை, பெரியவரின் கதை அல்ல. கூட்டம் கலையும் நேரம் அவர் எழுந்து, வண்டியில் ஏறி, சாவியைத் திருகினார். எஞ்சின் சுழன்றது, பற்றவில்லை. மறுபடி திருகினார். இறங்கி வந்து, யாருக்கும் தொந்தரவு தராத குரலில், ஆனால் மைதானம் முழுக்கக் கேட்கும்படி, "ஸ்டார்ட் ஆகவில்லையே" என்றார்.

ஓடி வந்தார்கள். ஹெரால்டின் முன்பக்கம் மொத்தமும் முன்னோக்கிச் சாயும், எஞ்சினைப் பார்த்தபடி முன்டயர் மேலேயே உட்காரலாம். பெரியவர் அதில் கொலுவிருந்தார். ஒருவர் காயில் என்றார். ஒருவர் கண்டென்சர் என்றார். பெட்ரோலில் கலக்கிற எத்தனால் ரப்பரைத் தின்றுவிட்டது என்று மினிக்காரர் அரசாங்கத்தையே திட்டினார். யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பெரியவர், "இருக்கலாம், இருக்கலாம்" என்றார். ஒருவர் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் கை வைக்கப் போக, "முதலில் பெட்ரோல் வருகிறதா என்று பார்த்துவிடுவோமே" என்று மெதுவாகத் தடுத்தார்.

மனைவி என் முழங்கையை இடித்தாள். "ஏங்க, காலையில அவர் பாக்கெட்டுல போட்டுக்கிட்டாரே, அது..."

"உஷ்" என்றேன். "வறுவல் மிச்சம் இருக்கா பாரு. இன்னும் அரை மணி ஆகும்."