அப்பாவுக்கு, சுடுதண்ணீர் சம்பந்தமாக

கார்க், அயர்லாந்து
நவம்பர் 2025, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

"ஏட்டி, குளிக்கியா இல்லையா? வீடியோவுல மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு" என்று அம்மா வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயமாக இருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். அப்படி இல்லாததால்தான் கடிதம். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஆச்சிக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக வாசியுங்கள். ஒரு பத்தி மட்டும் அம்மாவுக்கு வேண்டாம். அந்த இடம் வந்ததும் உங்களுக்கே தெரியும். இருமிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள்.

போன வருஷம் ஹாஸ்டலில் குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் வந்தது. அதன் அருமை அப்போது தெரியவில்லை. இந்த வருஷம் நான் இருப்பது 'டிக்ஸ்'. ஒரு குடும்பம் குடியிருக்கும் வீட்டில் ஒரு அறையில் நாமும் ஒண்டிக்கொள்வதற்கு இங்கே அதுதான் பெயர். வீட்டுப் பஞ்சம் அப்படி. வீட்டில் ஒரு அறையை வாடகைக்கு விட்டு வருஷத்துக்கு 14,000 யூரோ வரை வாங்கிக்கொள்ளுங்கள், வரி வேண்டாம் என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறது. ஆனால் நிறைய விளம்பரங்களில் "திங்கள் முதல் வெள்ளி வரை" என்று போட்டிருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு அவரவர் அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டுமாம். கெர்ரி, டிப்பரரிப் பிள்ளைகளுக்குச் சரி. பாளையங்கோட்டைக்கு வெள்ளிக்கிழமை பஸ் ஏது? ஏழு நாளும் இருக்கலாம் என்று சொன்னவர் இந்த வீட்டம்மா ஒருத்தர்தான். தங்கமான மனுஷி. ஒரே ஒரு விஷயம், இமர்ஷன்.

மாடிப்படி ஏறியதும் ஒரு அலமாரி. பெயர் 'ஹாட் பிரஸ்'. அதற்குள் ஆள் உயரச் செப்புத் தொட்டி, அதை மின்சாரத்தில் சுட வைக்கும் கம்பிகள். அதுதான் இமர்ஷன். அலமாரி வெளியில் இரண்டு சுவிட்ச். ஒன்றில் ஆன், ஆஃப். இன்னொன்றில் 'சிங்க்', 'பாத்'. சிங்க் என்றால் தொட்டியின் மேல்பாதி மட்டும் சுடும், பாத்திரம் கழுவ, முகம் கழுவ. பாத் என்றால் முழுத் தொட்டியும் சுடும். கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கிறவள் கணக்குப் போடாமல் இருப்பேனா? இரண்டு சுவிட்ச், நாலு நிலை. ஆஃபில் இருந்தால் சிங்க்கானாலும் பாத்தானாலும் பச்சைத்தண்ணீர். மிச்சம் இரண்டு. அதில் 'ஆன், பாத்' என்பது ஏட்டளவில் மட்டும் உள்ள நிலை. இந்த வீட்டில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் பாதிரியாரும் கல்யாண வீட்டு விருந்தாளிகளும்தான்.

குளிக்க வேண்டுமென்றால் அரைமணி முன்னால் சொல்ல வேண்டும். வீட்டம்மா வந்து தானே போடுவார். குளித்து முடித்து நான் துண்டை எடுப்பதற்குள் "ஆஃப் பண்ணியாச்சா?" என்று கீழேயிருந்து குரல் வரும். படுக்கப் போகும்போது ஒரு தடவை பார்ப்பார், படுத்த பிறகு எழுந்து வந்து இன்னொரு தடவை பார்ப்பார். மோட்டார் போட்டுவிட்டு அம்மா தூங்கிப்போய், தொட்டி வழிந்து, தெருவே "மோட்டாரு! மோட்டாரு!" என்று கத்துமே, அந்தப் பதற்றம் இங்கே நாடு முழுக்க இமர்ஷன் பேரில் இருக்கிறது. வகுப்பில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் அதனால் அம்மாவிடம் வாங்கின ஏச்சைக் கதை கதையாகச் சொல்கிறார்கள்.

அம்மா ஹீட்டர் கம்பி வாங்கிக் கொடுத்தனுப்பட்டுமா என்கிறாள். வேண்டவே வேண்டாம். குளியலறையில் பிளக் பாயிண்டே கிடையாது. விளக்குக்குக்கூடக் கூரையிலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். வாளியும் கிடையாது.

வீட்டம்மாவைக் குறை சொல்லவில்லை அப்பா. கம்பி மூணு கிலோவாட். ஒரு மணி நேரம் எரிந்தால் மூணு யூனிட், கிட்டத்தட்ட ஒரு யூரோ, நம் காசுக்கு நூறு ரூபாய். இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசமாக வாங்கி வளர்ந்தவளுக்கு அது எப்படி உறைக்கும்? தண்ணீர் விஷயத்தில் நேர் எதிர். வீட்டுக் குழாய்த் தண்ணீருக்குக் கட்டணம் என்று 2014-ல் அரசாங்கம் அறிவித்ததும் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கிவிட்டார்கள். 2016-ல் கட்டணத்தை நிறுத்தி வைத்தார்கள். வானத்திலிருந்து தினமும் சும்மா விழுவதற்கு எதற்குக் காசு என்பது அவர்கள் கட்சி. நான் குடத்தோடு லாரிக்கு வரிசையில் நின்ற கதையைச் சொன்னால் உச்சுக் கொட்டுகிறார்கள். வெந்நீருக்கு நான் வரிசையில் நிற்பதைப் பார்த்து யாரும் உச்சுக் கொட்டக் காணோம்.

போன மாசம் நடந்ததைக் கேளுங்கள். வீட்டம்மாவும் அவர் வீட்டுக்காரரும் டப்ளினில் ஒரு சாவுக்குக் கிளம்பினார்கள். வழியில் ஃபெர்மாய் ஊரைத் தாண்டும்போது வீட்டம்மாவுக்கு இமர்ஷனை அணைத்தோமா என்று சந்தேகம் வந்துவிட்டது. வண்டியைத் திருப்பினால் அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியாது. எனக்குப் போன். நான் வகுப்பில் இருந்தேன். வீடு தீப்பிடித்த மாதிரி குரல். ஓடினேன். மழை மேலிருந்து விழுந்தால் குடை பிடிக்கலாம், இங்கே அது பக்கவாட்டில் வருகிறது. அந்த அவசரத்திலும் குவாட் என்கிற முற்றத்துப் புல்வெளியைச் சுற்றித்தான் ஓடினேன். அதைக் குறுக்கே கடந்தால் பரீட்சையில் பெயில் என்று இங்கே ஒரு ஐதீகம். பிள்ளையார் கோவிலைத் தாண்டும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டு வளர்ந்தவள், இதை மட்டும் விட்டுவிடுவேனா? தொப்பலாக நனைந்து மாடியேறிப் பார்த்தால் சுவிட்ச் ஆஃபில்தான் இருந்தது. போனில் சொன்னேன். "கடவுளுக்கு நன்றி" என்றார். அவர் கடவுளுக்கு நன்றி சொன்ன அந்த நேரத்தில் எனக்கு வீட்டில் குளிக்கிற அளவுக்கு வெந்நீர் கிடையாது. போடட்டுமா என்று கேட்க நாக்கு எழவில்லை. ஹாட் பிரஸைத் திறந்து, அடுக்கி வைத்திருந்த துண்டுகளுக்கு நடுவே கையை விட்டுக்கொண்டு நின்றேன். வீட்டில் கதகதப்பான இடம் அது ஒன்றுதான். குளிரில் கட்டிதட்டிப்போகும் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலையும் அங்கேதான் ஒளித்து வைத்திருக்கிறேன்.

நனைந்ததைச் சும்மா நினைக்காதீர்கள். கம்ப்யூட்டர் பாடத்தில் நான் படிக்கும் 'ஆன்ட்', 'ஆர்', 'நாட்' எல்லாம் எந்தக் கணிதத்தில் பிறந்தனவோ, அதை உண்டாக்கிய ஜார்ஜ் பூல் எங்கள் யூனிவர்சிட்டி காலேஜ் கார்க்கின் முதல் கணிதப் பேராசிரியர். 1849-ல் வந்தவர். 1864-ல் வீட்டிலிருந்து மூணு மைல் மழையில் நடந்து வந்து, ஈரத் துணியோடு பாடம் நடத்தி, காய்ச்சலில் விழுந்து டிசம்பரில் இறந்தே போனார். வயசு 49. நோய் எதனால் வந்ததோ அதுவே மருந்து என்று நம்பிய அவர் மனைவி, ஈரப் போர்வையைச் சுற்றினார் என்றும் சொல்வார்கள். அந்த அம்மாள் மேரி, இமயச் சிகரத்துக்குப் பேர் கொடுத்த எவரெஸ்டின் உடன்பிறந்தார் மகள். எவரெஸ்ட் பிற்பாடு தலைமை தாங்கிய சர்வே 1802-ல் தொடங்கியது நம் பரங்கிமலைப் பக்கம். இவ்வளவு தூரம் சொந்தம் கொண்டாடியாச்சு. இப்போது லைப்ரரிக்குப் பூல் பெயர்தான். ஈரச் சட்டையோடு அதற்குள் போகும்போதெல்லாம் கொஞ்சம் மரியாதையாகவே நுழைகிறேன்.

ஒரு இடத்தில் மட்டும் எனக்கு வெந்நீர் கணக்கில்லாமல் கிடைக்கிறது. சனி, ஞாயிறு ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறேன். வீட்டில் காப்பி குடித்த டம்ளரைக்கூடத் தொட்டியில் போடாதவள் என்று ஆச்சி சிரிப்பாள், சிரிக்கட்டும். முழங்கை வரை சுடச்சுடத் தண்ணீர், அதில் நிற்பதற்கு மணிக்கு 13.50 யூரோ சம்பளம். எங்களை மாதிரி வெளிநாட்டு மாணவர்கள் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். தங்கும் அனுமதி அட்டைக்கு வருஷா வருஷம் 300 யூரோ கட்ட வேண்டும். ஒரு வாரம் முழுக்கக் கழுவினாலும் அந்த அட்டைக்குக் காணாது.

(அப்பா, இங்கே இருமுங்கள்.) வீட்டம்மாவின் மகன் சிட்னியில் இருக்கிறான். நான் இருப்பது அவன் அறை. சுவரெல்லாம் ஹர்லிங் விளையாட்டுக் கோப்பைகள். ஞாயிறு காலையில் அவனுக்குப் போன் போட்டு, வெயிலுக்குக் கிரீம் தடவினாயா, சாப்பிட்டாயா என்று விசாரிப்பார். பாஷைதான் வேறு, அதட்டல் அம்மா அதட்டலேதான். அப்போது நான் சமையலறையில் நிற்க மாட்டேன். மேலே போய்விடுவேன். அவன் கிறிஸ்துமஸுக்கு வருகிறான். அறை வேண்டும். டிக்ஸில் இருப்பவர்களுக்கு வாடகைக்காரர்களுக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு கிடையாது, வீட்டுக்காரர் சொன்னால் கிளம்ப வேண்டியதுதான். வீட்டம்மாவும் சங்கடப்பட்டுக்கொண்டேதான் சொன்னார். மூன்று வாரம் எங்கே தங்குவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். கேரளத்துத் தோழி ஒருத்தி தன் அறையில் தரையில் படுக்க இடம் தருகிறேன் என்கிறாள். கோபம் வருகிறது அப்பா, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பிள்ளை வீட்டுக்கு வருவதை யாராவது குறை சொல்ல முடியுமா?

இனி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசிக்கலாம். கல்விக் கடனின் அடுத்த தவணைக்கு மார்க் ஷீட் அனுப்பியிருக்கிறேன். 72. பதற வேண்டாம். இங்கே 40 எடுத்தால் பாஸ், 70-க்கு மேல் முதல் வகுப்பு. என் 72-க்கு ஆசிரியர் கை குலுக்கினார். இதை பாங்க் மானேஜரிடம் விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். "ஃபர்ஸ்ட் கிளாஸ் சார்" என்று மட்டும் சொல்லிக் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். எதிர்வீட்டு மாமாவிடம் அதுவும் வேண்டாம். அவர் மகள் 94 என்று ஆரம்பித்துவிடுவார், அப்புறம் அம்மா ராத்திரி முழுக்க மிச்சம் 28 எங்கே போச்சு என்று உங்களைத்தான் கேட்பாள்.

அன்புடன்,
உங்கள் மகள்